எழாத கணினியை ஆராயும் முறை

ஒரு கருவியை நாடோறும் கையாள்வோர், அது நலமாக இயங்குங்கால் அதன் இயல்பினை அறிய முயல்வதில்லை. அது நின்றவிடத்தேதான் அதனைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர். அப்பொழுதோ அச்சமும் விரைவும் வந்து அறிவை மறைத்துவிடுகின்றன. தறியும் ஏற்றமும் வண்டியும் மக்களுடைய கருவிகளாய் இருந்த காலத்தில் அவற்றின் உறுப்புக்கள் யாவும் கண்ணாற் காணத்தக்கனவாய் இருந்தன. அறுந்த இழை இன்னது, தேய்ந்த அச்சு இன்னது என்று பயின்றவன் பார்த்த அளவில் அறிந்தான். இக்காலத்துக் கருவியாகிய கணினியோ அன்னதன்று. அதன் தொழில் முழுவதும் ஒரு தகரப் பெட்டியினுள்ளே மறைவாய் நிகழ்தலின், ஒருநாள் அஃது எழாதொழியின் யாது செய்வதென்று அறியாது திகைப்பாரே பலர்.

இத்திகைப்பு நீங்குதற்குப் பெரிய மின்னியற் புலமை வேண்டுவதில்லை. முறையாக வினவும் பழக்கமே வேண்டுவது என்பது எம் கருத்து. தமிழிலக்கணம் பயிலும் மாணவராகிய யாம் இப்பொருளை எழுதப் புகுந்தது என்னையோ எனின், கணினியின் பழுதை நாடும் முறை சொல்லையும் தொடரையும் ஆராயும் முறையோடு பெரிதும் ஒத்திருத்தலைக் கண்டமையால் என்க.

திருப்பூரும் கணினியும்

நொய்யலாற்றின் இருமருங்கும் பரந்து கிடக்கும் திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த ஊர். 2009 ஆம் ஆண்டு முதல் அது தனி மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகின்றது. அவ்வூரில் ஒரு பனியன் உருப்பெறும் வழி நெடியது. நூல் வாங்குதல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகளையும் பல கட்டடங்களையும் கடந்தே அது பெட்டியிற் சேர்கின்றது. இவ்விடங்களையெல்லாம் ஒன்றோடொன்று பிணைக்கும் கணக்கு அலுவலறையிலுள்ள கணினியில் இருக்கின்றது. ஆடையின் பாட்டன் அதில் வரையப்படுகின்றது. சாயப் பட்டறைக்குச் சென்ற துணியின் எடை அதில் எழுதப்படுகின்றது. 2017 ஜூலை 1 ஆம் நாள் ஜி.எஸ்.டி. வரி நடைமுறைக்கு வந்தபின் வரிக்கணக்கும் இணையத்தின் வழியே செலுத்தவேண்டியதாயிற்று. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கிற்கு இ-வே பில்லும் வேண்டியதாயிற்று.

பெரிய ஏற்றுமதி நிலையத்தார் கணினிகளைக் காத்தற்கென்றே ஆள் வைத்திருக்கின்றனர். பத்துப் பதினைந்து தையற்பொறிகளை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் சிறு நிலையத்தார்க்கோ பெரும்பாலும் உள்ளது ஒரே கணினி. சனிக்கிழமை மாலை அஃது எழாதாயின், பீஸ் கணக்குத் தெரியாது வாரச் சம்பளம் தடைப்படும். அச்சம்பளத்தைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை அரிசியும் காய்கறியும் வாங்க எண்ணியிருந்தோர் வெறுங்கையராய் வீடு திரும்புவர். தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் செல்லவேண்டிய சரக்கிற்குரிய தாள்கள் அச்சாகாமல், வண்டி வாயிலிலேயே நிற்றலும் கூடும். ஆகவே கணினி எழாமை ஒரு பொறியின் பழுது மட்டுமன்று. பலர் பிழைப்பினைத் தொடுவதொரு நிகழ்ச்சியாகும். எம் மாணவ நண்பருள் இத்தகைய நிலையங்களின் பிள்ளைகளும், மாலைநேரங்களில் அங்குக் கணக்கெழுதிப் படிப்போரும் உளர். அவர்க்குப் பயன்படுமாறு இக்கட்டுரை அமையவேண்டுமென்பது எம் விருப்பம்.

சொல்லைப் பிரித்தல்

கணினி எழாதவிடத்து மெக்கானிக்கிற்குச் செல்லும் செய்தி பெரும்பாலும் ‘கம்ப்யூட்டர் ஓடவில்லை’ என்னும் ஒரு தொடரே. இத்தொடர் பல நோய்களுக்குப் பொதுவாய் நிற்றலின் யாதொரு நோயையும் உணர்த்துவதன்று. புணர்ச்சியால் ஒன்றாய்க் கிடக்கும் ஓர் அடியைச் சொற்களாகப் பிரித்தாலன்றிப் பொருள் கொள்ளுதல் இயலாது. அதுபோல ‘ஓடவில்லை’ என்பதனையும் பிரித்தல் வேண்டும். விளக்கும் ஒலியும் சிறிதும் இல்லையா? விசிறி சுழன்றும் திரை இருண்டுள்ளதா? ‘பீப்’ என்னும் ஒலி கேட்கின்றதா? செய்தவர் பெயர் திரையில் தோன்றியபின் நின்றுவிடுகின்றதா? விண்டோஸ் அடையாளம் வந்து சுற்றிக்கொண்டே இருக்கின்றதா? எழுந்து சிறிது பொழுது இயங்கியபின் தானே அணைகின்றதா? இவ்வாறும் ஒவ்வொன்றும் வேறு வேறு நோயின் குறியாகும்.

பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. மேசையருகே இருக்கும் பெட்டி முழுவதையும் நம்மவர் ‘சி.பி.யு.’ என்று வழங்குவர். உண்மையில் அஃது அப்பெட்டியினுள் இருக்கும் ஒரு சில்லின் பெயர். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவந்தமையின் இதனைச் சினையாகுபெயர் என்னலாம். வழக்கிற்கு இதனாற் குற்றமில்லை. ஆயினும் ‘சி.பி.யு. போய்விட்டது’ என்று தொலைபேசியிற் சொல்லின், கேட்போர் சில்லே கெட்டதென்று கொள்ளவும், வேண்டாத செலவு நேரவும் இடமுண்டு. ஆதலின் பெட்டியைப் பெட்டி என்றே கூறுதல் நன்று.

மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்துள்ளார். நோய் இன்னதென அறிதல் முதலாவது. அதன் காரணம் அறிதல் அடுத்தது. தணிக்கும் வழி அறிதல் அதன் பின்னது. செய்தல் இறுதியிலேயே வைக்கப்பட்டது. நம்மவர் கணினியிடத்து இவ்வரிசையைத் தலைகீழாக்கி, செய்தலை முதலில் வைத்துவிடுகின்றனர். துன்பமெல்லாம் அதனால் விளைவதே.

கணினி எழும் வரிசை

கணினி எழுதல் ஒரே செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாய் நிகழும் நான்கு படிகளின் தொகுதி. முதற்படி, மின்சாரம் உறுப்புக்களைச் சேர்தல். இரண்டாம்படி, மதர்போர்டு தன் உறுப்புக்களைத் தானே சோதித்துக்கொள்ளுதல். மூன்றாம்படி, டிஸ்கில் உள்ள தொடக்க நிரலைத் தேடி எடுத்தல். நான்காம்படி, விண்டோஸ் அல்லது லினக்ஸ் போன்ற இயக்க முறைமை ஏறி நிற்றல். ஒரு படி நிறைவேறாமல் அடுத்தபடி நிகழாது. எனவே கடைசியாக நிறைவேறிய படி யாது என்பதனைக் கண்டுகொண்டால், பழுது பெரும்பாலும் அதற்கு அடுத்த இடத்தில் உள்ளது என்று துணியலாம். இவ்வொரு விதியே இக்கட்டுரையின் சாரம்.

இவ்வாறு படிப்படியாய் எழவேண்டுவது ஏன் என்று வினவலாம். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பம்பு காற்றடைத்து வறண்டு கிடப்பின், எவ்வளவு மின்சாரம் செலுத்தினும் நீர் ஏறாது; முதலிற் சிறிது நீரை அதனுள் ஊற்றவேண்டும். அச்சிறு நீரே பெருநீரை இழுத்துக் கொணரும். கணினியும் அத்தகையதே. டிஸ்கிலுள்ள பெரிய நிரலை எடுப்பதற்கே ஒரு நிரல் வேண்டும். அச்சிறு நிரல் மதர்போர்டிலுள்ள ஒரு சில்லில் எழுதிவைக்கப்பட்டுள்ளது. பழைய பொறிகளில் அதனைப் பயாஸ் என்பர். புதியவற்றில் அதன் வழிவந்த யு.இ.எஃப்.ஐ. உள்ளது.

முதற்படி: மின்சாரம்

சுவரிலுள்ள பிளக்கில் வருவது 230 வோல்ட்டு மாறுமின்சாரம். கணினியின் உறுப்புக்கள் வேண்டுவனவோ 12, 5, 3.3 வோல்ட்டு நேர்மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது பெட்டியின் பின்புறத்துள்ள எஸ்.எம்.பி.எஸ். என்னும் பகுதி. தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றபின் ‘நலம்’ என்று பொருள்படும் ஒரு குறியை அது மதர்போர்டுக்கு அனுப்புகின்றது. அரை நொடிக்குள் வரவேண்டிய அக்குறி வாராதாயின் மதர்போர்டு தன் தொழிலைத் தொடங்குவதில்லை.

விளக்கும் ஒலியும் அறவே இல்லாதவிடத்துப் பெட்டியைத் திறத்தற்கு முன் வெளியே நோக்குக. அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கையோ தொலைபேசி சார்ஜரையோ இட்டு மின்சாரம் உண்டா என்று காண்க. யு.பி.எஸ். இடையே இருப்பின் அதனை நீக்கி நேரே சுவரில் இணைத்துப் பார்க்க. யு.பி.எஸ்.ஸினுள் இருக்கும் 12 வோல்ட்டு ஈய அமில பேட்டரி சில ஆண்டுகளில் தளர்வது இயல்பு. கணினி நலமாயிருந்தும் அதனாற் பழி கணினிக்கு வருவதுண்டு. மானிட்டருக்கு வரும் மின்கம்பி பல இடங்களிற் பெட்டிக்கும் பொருந்துவதாகலின், இரண்டையும் மாற்றியிட்டுக் கம்பியைச் சோதிக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறத்துள்ள சிறு ஸ்விட்சு, பெருக்குவோர் கைபட்டு அணைந்திருத்தலும் அரிதன்று.

இவையாவும் சரியாயிருந்தும் எழாதாயின், மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து, மதர்போர்டில் எஞ்சிய மின்சாரத்தை வடித்துவிட்டுப் பின் இணைத்துப் பார்க்க. சில வேளை இவ்வளவே போதுமானதாகும். அதன் பின்னும் எழாதாயின் நலமென்று தெரிந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பார்த்தல் மெக்கானிக்கின் வேலை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாத்திரம் எவரும் வீட்டில் திறக்கலாகாது. மின்கம்பியைக் கழற்றிய பின்னரும் அதனுள் 300 வோல்ட்டிற்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருத்தல் கூடும். அது உயிர்க்கு இறுதி விளைப்பது.

தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டில் நேர்ந்த கடுமையான மின்வெட்டினை மூத்தோர் நினைவுகூர்வர். ஜெனரேட்டருக்கும் மின்வாரியக் கம்பிக்கும் மாறி மாறிச் சென்ற அந்நாட்களில் கணினிகளும் பலமுறை நின்று எழவேண்டியிருந்தது. மின்சாரம் போவதினும் அது திரும்பி வரும் கணமே பொறிக்கு இடர் மிக்கது. ஆதலின் மின்சாரம் போனவுடன் ஸ்விட்சை அணைத்து, வந்து நிலைபெற்றபின் போடுதல் இன்றும் நல்ல பழக்கமே.

இரண்டாம்படி: தற்சோதனை

விசிறி சுழல்கின்றது, விளக்கு எரிகின்றது, ஆயினும் திரை இருண்டுள்ளது எனின், கணினியே எழவில்லை என்று உடனே முடிவு செய்யற்க. மானிட்டரின் விளக்கு எரிகின்றதா, கம்பி தளர்ந்துள்ளதா, மானிட்டர் வேறொரு வழியை நோக்கியிருக்கின்றதா என்று காண்க. பெட்டியிற் தனி கிராபிக்ஸ் கார்டு உளதாயின், மானிட்டர்க் கம்பி அதனிடத்தே இணைந்திருத்தல் வேண்டும். கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் வருமாயின், பொறி உள்ளே விழித்திருக்கின்றது, காட்சியே தடைப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கணினி தன்னைத் தான் சோதிக்கும் முறை 1981 இல் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட பி.சி.யிலேயே உண்டு. திரையில் எழுதிக்காட்ட இயலாதபோது அது ஒலியாற் பேசுகின்றது. அவ்வொலிகளுக்குப் பொருள் செய்தவர்க்குச் செய்தவர் வேறுபடும். அவார்டு என்னும் பயாஸில் ஒரு நெட்டொலியும் இரு குற்றொலியும் வரின் காட்சிப் பகுதியிற் பழுதென்பது பொருள். நெடிலும் குறிலும் பயின்ற நமக்கு இவ்வொலிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுதல் அரிதன்று. மதர்போர்டுக்குரிய கைநூலில் அவற்றின் பொருளைக் காணலாம்.

இப்படியில் மிகுதியும் குற்றவாளியாவது ராம் என்னும் நினைவகப் பட்டை. அதன் பொன்பூசிய விளிம்பில் தூசும் ஈரமும் படிந்து தொடர்பு கெடுவதுண்டு. மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியை முதலில் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை நீக்கிக்கொண்டு, பட்டையை எடுத்து, விளிம்பை மெல்லிய ரப்பரால் இலேசாகத் துடைத்து, துகள்களை நீக்கி, இருபுறத் தாழும் விழும்வரை நேராக அழுத்துக. இரண்டு பட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க. ஒன்றோடு எழுந்து மற்றொன்றோடு எழாதாயின் பழுது எதுவென்பது வெளிப்படை.

பஞ்சும் வெப்பமும்

மற்ற ஊர்க் கணினிகளுக்கு இல்லாத ஒரு பகை திருப்பூர்க் கணினிக்கு உண்டு. அது பஞ்சுத் தூசு. நிட்டிங் பொறியிலிருந்தும் கட்டிங் மேசையிலிருந்தும் பறக்கும் நுண்ணிய இழைகளை விசிறி உள்ளே இழுத்துக்கொள்கின்றது. அவை சில்லின் மேலுள்ள அலுமினிய இதழ்களுக்கிடையே கம்பளம் போலப் படிந்து காற்றின் வழியை அடைத்துவிடுகின்றன. சில்லு கொதித்து, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனானும் தணியாதாயின் தன்னைக் காத்தற்பொருட்டு அணைந்துவிடும். எழுந்து சில நிமிடங்களில் தானே அணைதலும், சிறிது நேரம் ஆறவிட்டால் மீண்டும் எழுதலும் இந்நோயின் குறிகள்.

இதற்கு மருந்து எளிது. பொறியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, வெளியே கொண்டுசென்று, மென்தூரிகையாலும் ஊதுகருவியாலும் பஞ்சை அகற்றுக. காற்றடிக்கும்போது விசிறி வெறிகொண்டு சுழலாமல் அதனை விரலாற் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். தையற்பகுதியிலுள்ள கம்ப்ரசர்க் காற்றை நேரே செலுத்துதல் தகாது. அதில் எண்ணெயும் நீரும் கலந்து வருவதுண்டு. துணி உற்பத்தி நடக்கும் அறையிற் கணினி வைத்திருப்போர் மாதம் ஒருமுறையேனும் இதனைச் செய்தல் நலம். பெட்டியைத் தரையில் வைக்காது மேசையின்மேல் வைப்பினும் பஞ்சு பாதி குறையும்.

சிறு பேட்டரியும் காலமும்

மதர்போர்டில் ஒரு நாணயம் போன்ற பேட்டரி உண்டு, சி.ஆர். 2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட்டு அதன் அளவு. பொறி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது இதுவே. பல பொறிகளில் பயாஸின் அமைப்புக்களைக் காப்பதும் இதுவே. சில ஆண்டுகளில் இது வற்றியபின், ஒவ்வொரு நாட்காலையும் கணினி ஏதோ பழைய ஆண்டினைக் காட்டும். ‘அமைப்புக்களைச் சரிசெய்க’ என்று கூறி நின்றுவிடவும் செய்யும். நாள் தவறாயின், பாதுகாப்புச் சான்றுடைய இணையதளங்கள் அச்சான்று காலத்திற்கு ஒவ்வாதது எனக் கருதித் திறக்க மறுக்கும். அப்பொழுது ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளமும் கெட்டுவிட்டன என்று அலுவலறையார் மயங்குவர். சிறு தொகைக்குக் கிடைக்கும் பேட்டரியை மாற்றி நாளைத் திருத்தினால் தீர்வதொரு துன்பம் இது. ஆயினும் பேட்டரியை எடுக்குமுன் பயாஸின் அமைப்புக்களைத் தொலைபேசியாற் படம் பிடித்து வைத்துக்கொள்க. டிஸ்கைப் பற்றிய அமைப்பு மாறிவிடின், நலமாயிருந்த விண்டோஸும் எழாதொழியக் கூடும்.

மூன்றாம்படி: டிஸ்கைத் தேடுதல்

செய்தவர் பெயர் தோன்றியபின், தொடங்குதற்குரிய டிஸ்கு இல்லையென்னும் செய்தி வருமாயின், முதற்கண் செய்யவேண்டுவது இணைந்துள்ள பென்டிரைவையெல்லாம் எடுத்துவிடுதல். பையர் அனுப்பிய படங்களை எடுத்தபின் மறந்துவிட்ட பென்டிரைவு ஒன்றில் கணினி தன் தொடக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பதுண்டு. அடுத்து, பயாஸினுட் சென்று டிஸ்கின் பெயர் அங்கே காணப்படுகின்றதா என்று நோக்குக. பெயரே இல்லையெனின் கம்பியையோ டிஸ்கையோ ஐயுறுக. பெயர் இருந்தும் எழவில்லையெனின், தேடும் வரிசை மாறியிருத்தலும் தொடக்க நிரல் சிதைந்திருத்தலும் காரணமாகலாம். பெயர்ப்பட்டியலில் ஒருவர் வாராமையும், வந்தும் பேசாமையும் வேறு வேறன்றோ?

பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்னும் ஒலி தொடர்ந்து கேட்குமாயின் உடனே அணைத்துவிடுக. உள்ளே சுழலும் தட்டினைப் படிக்கும் முனை இடந்தடுமாறுகின்றது என்பதற்கு அது குறி. மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்த்தல், எஞ்சியுள்ள கணக்கையும் அழிப்பதாக முடியும்.

நான்காம்படி: இயக்க முறைமை

விண்டோஸ் அடையாளம் வந்தபின் தடைப்படுமாயின், மின்சாரமும் மதர்போர்டும் டிஸ்கும் ஓரளவேனும் நலம் என்பது உறுதி. இங்குக் கேட்கவேண்டிய வினா, ‘நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது யாது?’ என்பதே. புதிய பிரிண்டர் இணைக்கப்பட்டதா? புதிய நிரல் ஏற்றப்பட்டதா? அப்டேட்டு நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்றா? விண்டோஸ் 10, 11 என்பன எழ முயன்று சிலமுறை தொடர்ந்து தோற்குமாயின், தாமே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அதிலுள்ள சேஃப் மோடு என்பது இன்றியமையாத நிரல்களை மட்டும் கொண்டு எழும் முறை. அம்முறையில் எழுமாயின், பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒன்றே குற்றவாளி என்று அறிந்து அதனை நீக்கலாம்.

இதற்கு உலகறிந்த சான்று 2024 ஜூலை 19 ஆம் நாள் நிகழ்ந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார் அனுப்பிய ஒரு கோப்பிலிருந்த பிழையால், உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி மீண்டும் மீண்டும் விழுந்தெழுந்து கொண்டிருந்தன. அவற்றின் தொகை 85 இலட்சம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் மதிப்பிட்டனர். விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் இடர்ப்பட்டன, இந்திய விமான நிலையங்களிற் பயணச்சீட்டினைக் கையால் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. பிழையான கோப்பினை அந்நிறுவனத்தார் 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றனர். ஆயினும் அதற்குள் விழுந்த கணினிகளுட் பெரும்பாலானவற்றைத் தொலைவிலிருந்து எழுப்ப இயலவில்லை. ஒவ்வொன்றன் அருகேயும் ஓர் ஆள் சென்று, சேஃப் மோடு முறையில் எழுப்பி, ஒரே ஒரு கோப்பினை அழிக்கவேண்டியதாயிற்று. அக்கணினிகளில் ஓர் உறுப்பும் கெடவில்லை. ஒரு டிஸ்கும் அழியவில்லை. எந்தப் படியிற் பழுது என்று அறிந்தோர்க்கு அது சில நிமிட வேலை; அறியாதோர்க்கு எல்லாம் இழந்தது போன்ற தோற்றம்.

அந்நாளில் மற்றொன்றும் விளங்கிற்று. பிட்லாக்கர் என்னும் பூட்டினால் டிஸ்கு மறைக்கப்பட்டிருந்த கணினிகளில், 48 இலக்கமுள்ள மீட்பு எண்ணைக் கொடுத்தாலன்றி உள்ளே செல்லுதல் இயலவில்லை. புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் இத்தகைய பூட்டு உடையவர் அறியாமலே இடப்பட்டிருக்கின்றது. மதர்போர்டை மாற்றும்பொழுதும் பயாஸைத் திருத்தும்பொழுதும் அவ்வெண் கேட்கப்படலாம். அதனைத் தாளில் எழுதிப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

பொறியினும் கணக்கே பெரிது

மேற்கூறிய எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. ராம் கெடின் வேறொன்று வாங்கலாம், எஸ்.எம்.பி.எஸ். கெடின் மாலைக்குள் மாற்றலாம். ஓராண்டு வரவுசெலவும், தொழிலாளர் பீஸ் கணக்கும், பல நாள் உழைத்து வரைந்த பாட்டனும் அழிந்தாலோ, அவை கடையில் விற்கப்படுவன அல்ல. ஆகவே எழாத கணினியைக் கண்டவுடன் ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்று கூறுவார் சொல்லை அப்படியே ஏற்கலாகாது. ஃபார்மட் என்பது வீட்டிற் புகுந்த பாம்பை அடித்தற்காக வீட்டையே கொளுத்துவதனை ஒக்கும். முதலில் டிஸ்கிலுள்ளவற்றைப் படியெடுத்தல் வேண்டும். விண்டோஸ் எழாவிடினும், பென்டிரைவிலிருந்தே எழக்கூடிய லினக்ஸைக் கொண்டு கோப்புக்களைப் படியெடுக்கலாம். டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தும் எடுக்கலாம். பிட்லாக்கர் இருப்பின் அவ்விடத்தும் மீட்பு எண் வேண்டப்படும்.

நோய் வருமுன் காத்தலோ இதனினும் எளிது. கணக்கிற்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது அறிந்தோர் கூறும் விதி. அலுவலறைக் கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என வைத்துக்கொண்டால், சனிக்கிழமை மாலையிற் கணினி எழாவிடினும் சம்பளம் நிற்காது.

ஆராய்வோர் கைக்கொள்ளவேண்டுவன

இறுதியாகச் சில கூறுவாம். ஒருகால் ஒன்றையே மாற்றுக. ராமையும் கம்பியையும் பேட்டரியையும் ஒருங்கே மாற்றிக் கணினி எழுந்தால், எதனால் எழுந்தது என்று அறிய வழியில்லை. மறுமுறையும் அதே திகைப்பு வரும். எளிதிற் காணத்தக்கதை முதலிலும், பெட்டியைத் திறந்து காணவேண்டுவதைப் பின்னரும் வைக்க. திரையிற் தோன்றிய எழுத்துக்களைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்க, அல்லது படம் பிடித்துக்கொள்க. செய்தவற்றை நாளும் நேரமும் இட்டு ஒரு தாளிற் குறித்து வைக்க. மதர்போர்டில் உருளை போன்ற சிறு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருத்தலையோ, தீய்ந்த நாற்றத்தையோ கண்டால் மேலே செல்லாது அறிந்தோரிடம் ஒப்புவிக்க.

மெக்கானிக்கை அழைக்கவேண்டியவிடத்தும் இம்முறை பயன்படுவதே. ‘கம்ப்யூட்டர் ஓடவில்லை’ என்பதற்கு மாறாக, ‘மின்சாரம் வருகின்றது, விசிறி சுழல்கின்றது, ஒரு நெட்டொலியும் இரு குற்றொலியும் கேட்கின்றன, திரை இருண்டுள்ளது, நேற்று மின்சாரம் மும்முறை போயிற்று’ என்று சொல்வோமாயின், அவர் வரும்போதே வேண்டிய உறுப்பினைக் கொண்டுவருவர், காலமும் பொருளும் மிஞ்சும், வேண்டாத உறுப்பு தலையிற் கட்டப்படுதலும் குறையும்.

இலக்கணம் கற்றார்க்குத் தொழிலுலகில் யாது வேலை என்று நம்மை நோக்கிச் சிலர் நகைத்தல் உண்டு. கலந்து கிடப்பதைப் பிரித்தறிதலும், பிரித்தவற்றை வரிசையில் நிறுத்துதலும், ஒன்றற்கு ஒரு பெயரை ஐயமற வழங்குதலும் இலக்கணத்தால் வரும் பயன்களே. அவை ஏட்டிற்கு மட்டும் உரியன அல்ல. பனியன் கம்பெனியின் அலுவலறையிற் கணினி எழாது நிற்க, அனைவரும் பதறுமிடத்து, ‘கடைசியாக நிறைவேறியது யாது?’ என்று அமைதியாக ஒருவன் வினவுவானாயின், பழுது பாதி நீங்கியதென்றே கொள்ளலாம். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள் இக்கட்டுரையிற் கண்ட நான்கு படிகளையும் ஒரு தாளில் எழுதித் தம் வீட்டுக் கணினியருகே ஒட்டிவைப்பாராக. அன்றே, உள்ள கணக்கையும் ஒருமுறை படியெடுத்து வைப்பாராக.